இதயத் தசையும் எலும்புத் தசையும்: வைவால நான் மாட்டுன கதை

ஃபர்ஸ்ட் இயர் பிசியாலஜி (உடம்பு எப்படி வேலை செய்யுதுங்கிற பாடம்) வைவாக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, இதயத் தசைக்கும் கைகால அசைக்கிற எலும்புத் தசைக்கும் உள்ள வித்தியாசத்த பெரிய டேபிளா எழுதி, பட்டர்வொர்த் ஃபெர்ரில வரும்போதுகூட உருப்போட்டுக்கிட்டே வந்தேன். உள்ள போய் உக்காந்தா டாக்டர் கேட்டது ஒரே கேள்விதான், தசைய நேரா கரண்ட் குடுத்து தூண்டுறோம், செல்லுக்கு வெளிய கால்சியமே இல்ல, எந்தத் தசை சுருங்காம நிக்கும்? ரெண்டும்னு சொன்னேன். பேனாவ கீழ வச்சிட்டாரு, முடிஞ்சிச்சு லா.

நிக்கிறது இதயம்தான். எலும்புத் தசைல டி-டியூப்ல (செல்லோட மேல்சவ்வு உள்ள குழாயா மடிஞ்ச இடம்) உள்ள டிஹெச்பி ரிசெப்டர்ங்கிற புரதம், வோல்டேஜ் மாறுனதும் பக்கத்துல இருக்கற ரையனோடின் சேனல்ங்கிற கால்சியம் வாசல கதவ இழுக்கிற மாதிரி நேரா தொறந்துவிட்டுடும், செல்லுக்குள்ள கால்சியத்த சேத்து வச்சிருக்கற எஸ்ஆர் (சார்கோபிளாஸ்மிக் ரெட்டிகுலம்) பையில இருந்தே கால்சியம் வந்துடும். இதயத்துல வெளிய இருந்து மேல்சவ்வுல உள்ள எல்-டைப் சேனல்ங்கிற கால்சியம் வாசல் வழியா கொஞ்சம் கால்சியம் வந்து தட்டுனாத்தான் எஸ்ஆர் தொறக்கும். 1883ல லண்டன்ல சிட்னி ரிங்கர்ங்கிற டாக்டர் இதத்தான் பார்த்தாரு, குழாத்தண்ணில கலந்த உப்புக் கரைசல்ல நல்லா துடிச்ச தவளை இதயம், காய்ச்சி வடிச்ச தண்ணிக்கு மாத்துனதும் நின்னுபோச்சு, குழாத்தண்ணில கால்சியம் இருந்துருக்கு. ('நேரா'ங்கிற வார்த்தைய கவனிங்க, நரம்பு வழியா தூண்டுனா எலும்புத் தசையும் நிக்கும், ஏன்னா நரம்பு முனைல தசைக்கு சேதி சொல்ற அசிட்டைல்கோலின்ங்கிற ரசாயனம் வெளிய வரவும் கால்சியம் வேணும்.)

இது புரிஞ்சா பாதி டேபிள் தேவையே இல்ல. இதயத்துல அதே கால்சியம் மெதுவா உள்ள வர்றதுனாலதான் பிளாட்டோ (வோல்டேஜ் உடனே இறங்காம சமமா நிக்கிற கட்டம்), அதனால செல்லோட மின்துடிப்பான ஆக்‌ஷன் பொட்டென்ஷியல் 200லேருந்து 300 மில்லிசெகண்ட் நீளுது, எலும்புத் தசைல சும்மா 2லேருந்து 5தான். ரிஃப்ராக்டரி, அதாவது அடுத்த தூண்டல ஏத்துக்காத நேரம், முடியறதுக்குள்ள இதயம் சுருங்கி கிட்டத்தட்ட தளர்ந்துடுது, அதான் அதுக்கு டெட்டனஸ் (அந்த நோய் இல்ல, தளராம தொடர்ந்து இறுகியே நிக்கிறது) வராது. தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை ஏறும்போது பாதிப் படில எனக்கு கெண்டைக்கால் இழுத்துக்கிட்டு கல்லு மாதிரி ஆயிடுச்சு, அண்ணன் உக்காந்து நீவி விட்டாரு, இதயம் மட்டும் தடதடன்னு அடிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு, ஒவ்வொரு அடிக்கும் நடுவுல அது தளர்ந்தே ஆகணும், இல்லன்னா ரத்தம் நிரம்பாது.

தசைய சுருக்குற ஆக்டின், மயோசின் புரதங்கள் ரெண்டு தசைலயும் ஒரே கதை, அதுல நேரத்த கொட்டாதீங்க. பலம் எப்படி கூடுதுன்னு கேட்டா, கால்ல மோட்டார் யூனிட் (ஒரு நரம்பு செல்லும் அது இயக்குற தசை நார்களும்) இன்னும் கொஞ்சம் சேரும், இதயத்துல எல்லா செல்லும் கேப் ஜங்ஷனால (செல்லுக்குச் செல் கரண்ட் கடத்துற இணைப்பு) ஏற்கனவே சேர்ந்துதான் அடிக்குது, அதனால கால்சியத்த கூட்டணும், இல்ல ரத்தம் கூட நிரம்பி தசை இழுபடணும்.

மறு வைவால டேபிளே சொல்லல, பேப்பர் கேட்டு ரெண்டு கிராஃப் வரைஞ்சேன், ஆக்‌ஷன் பொட்டென்ஷியலும் சுருக்கமும் ஒண்ணு மேல ஒண்ணு. பார்த்துட்டு, அப்போ டிகாக்சின்ங்கிற இதய மருந்து ஏன் இதயத்த பலமா அடிக்க வைக்குதுன்னு கேட்டாரு. சோடியத்த வெளியேத்துற பம்ப்ப அடைக்குது, உள்ள சோடியம் ஏறுது, சோடியம் உள்ள வர்றதுக்கு பதிலாத்தான் கால்சியம் வெளிய போகும், அதனால அது போறது குறையுதுன்னேன். சரி, அடுத்த ஆள வரச்சொல்லுன்னாரு.