நீலப் புகை விட்ட 800: வால்வ் சீல் மாத்திப் பாத்த அனுபவம்

வீட்ல இருக்கிறது பழைய மாருதி 800, கார்பரேட்டர் மாடல், 796 சிசி, மூணு சிலிண்டர். கொஞ்ச நாளா காலைல முதல் ஸ்டார்ட் அடிச்சதும் சைலன்சர்ல குப்புனு ஒரு நீலப் புகை வரும், ஆயில் கருகுற வாடை அடிக்கும், ஒரு நிமிஷத்துல ஒண்ணுமே இல்லாத மாதிரி நின்னுரும். டிப்ஸ்டிக் பாத்தா ஆயில் இறங்கிக்கிட்டே இருக்கு, 1000 கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டர் கிட்ட ஊத்த வேண்டியிருக்கு, கீழ தரைல ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது. டவுன்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டுனேன், பானெட்டக்கூட திறக்கல, நீலமா வருதுன்னா பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ரிங் போச்சு, இன்ஜினை இறக்கி போர் பண்ணணும் (அதாவது சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்கணும்), 25,000 ஆகும்னு சொல்லிட்டாங்க.

நீலம்னா இன்ஜின் ஆயில் எரியுதுங்கறது சரிதான். ஆனா ஆயில் எரியிற அறைக்குள்ள வர்றதுக்கு ரிங் மட்டுமா வழி? கீழ இருந்து பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வரலாம், மேல இருந்து வால்வ் தண்டோட வழிஞ்சு இறங்கலாம், இன்ஜின் அடில சேர்ற ஆவியைத் திரும்ப உள்ள அனுப்புற பிசிவி வால்வ் அடைச்சுப் போனா இன்டேக் வழியா, அதாவது காத்து உள்ள போற வழியா, உறிஞ்சிட்டும் போகலாம், ஆயிலை அளவுக்கு மேல ஊத்திட்டாக்கூட புகை வரும். டர்போ வண்டியா இருந்தா டர்போ சீல் இன்னொரு வழி. இதுல எதுன்னு தெரியாம இன்ஜினை இறக்க எனக்கு மனசு வரல.

ராமேஸ்வரத்துக்கு முன்னாடி வர்ற மண்டபம் ஊர்ல விசைப்படகுக்கு இன்ஜின் வேலை பாக்கிற ஒரு அண்ணன் இருக்காரு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரைல நிக்கும், இன்ஜின் வேலையும் அந்த நேரத்துலதான் நிறைய நடக்கும், ஆனா கடலுக்குப் போற அவசரம் இல்லாததால உக்காந்து பேச முடியும். போய் விஷயத்தைச் சொன்னேன். அவரு கேட்ட முதல் கேள்வி கலரைப் பத்தி இல்ல. "எப்ப வருது தம்பி? ஏறுறப்ப வருதா, இறங்குறப்ப வருதா, நிக்கிறப்ப வருதா?"ன்னாரு. படகுல கரும்புகை வந்தா லோடு அதிகம், புரொப்பல்லர்ல வலை சுத்தியிருக்கும், இல்லன்னா காத்து பத்தல, வெள்ளையா வந்தா பாதி டீசல் எரியாம வருது இன்ஜெக்டரைப் பாருன்னு வரிசையா சொன்னாரு, கடைசில "அது டீசல் கணக்கு, உங்களுது பெட்ரோல் வண்டி, வெள்ளைக்கு அர்த்தமே வேற, அதைப் போட்டுக் குழப்பிக்காதீங்க"ன்னும் சொன்னாரு. எப்ப வருதுங்கற அந்தக் கேள்விதான் இந்த வேலை முழுக்க எனக்குப் பிடிமானமா இருந்துச்சு.

அதுல இருந்து ஒரு நோட்டுல எழுத ஆரம்பிச்சேன், எந்த நேரம், எத்தனாவது கியர், மேடா தட்டையா, கால் ஆக்சிலேட்டர்ல இருந்துச்சா இல்லையான்னு. உச்சிப்புளி ரோட்ல நாலாவது கியர்ல நல்லா மிதிச்சா புகை இல்ல. ரிங் தேஞ்சிருந்தா லோடு கொடுக்கக் கொடுக்க நீலமா வந்துகிட்டே இருக்கணும், அது வரல. அடுத்து இறக்கத்துல பாக்கணும், அதுக்கு நம்ம மாவட்டத்துல மேட்டுக்கு எங்க போறது, சுத்திப் பாத்தா கண்மாய்க் கரைதான் உயரம். நமக்குன்னு இருக்கிற ஒரு நல்ல ஏத்த இறக்கம் பாம்பன் ரோட்டுப் பாலம், 1988ல திறந்தது, கிட்டத்தட்ட 2.3 கிலோமீட்டர் நீளம், படகு போறதுக்காக நடுவுல உசந்து ரெண்டு பக்கமும் இறங்கும். பாலத்துல வண்டிய நிப்பாட்டக் கூடாது, அதனால மச்சானைப் பைக்ல பின்னாடி வரச்சொல்லி விடியக்காலம் போனோம், வெயில் ஏறிட்டா கச்சான் காத்து புகையை வந்த வேகத்துல அடிச்சிட்டுப் போயிரும், பின்னாடி இருக்கிறவனுக்கு கலரே தெரியாது. ஏறுறப்ப சுத்தம். உச்சில இருந்து மூணாவது கியர்லயே காலை எடுத்துட்டு இறங்குனேன், அப்பவும் பெருசா ஒண்ணும் இல்ல, கீழ இறங்கி முடிச்சு மறுபடி மிதிச்சேன் பாருங்க, கண்ணாடில பின்னாடி இருக்கிற மச்சானே தெரியல, அம்புட்டு நீலம்.

இது ஏன்னா, ஓடுற இன்ஜின்ல காலை எடுத்ததும் கார்பரேட்டர்ல காத்து வழியை மூடித் திறக்கிற பட்டர்ஃபிளை தகடு மூடிக்கும், பிஸ்டன் உறிஞ்சுறத நிறுத்தாது, உள்ள வர காத்து இல்லாததால இன்டேக் பக்கம் வாக்குவம் கடுமையா ஏறும். அந்த வாக்குவம் வால்வ் தண்டுக்கும் அது ஏறி இறங்குற குழாயான கைடுக்கும் நடுவுல இருக்கிற சந்துல மேல தேங்கி நிக்கிற ஆயிலை இழுக்கும். அங்க ஒரு சின்ன ரப்பர் தொப்பி இருக்கும், அதுதான் வால்வ் சீல், அது வெரைச்சுப் போயிருந்தா ஆயில் தாராளமா இறங்கும், அடுத்து மிதிச்சதும் மொத்தமா எரியும். காலைல வர்ற புகைக்கும் இதே கதைதான், ராத்திரி பூரா ஹெட்ல (சிலிண்டருக்கு மேல வால்வ் இருக்கிற பாகம்) இருக்கிற ஆயில் தண்டு வழியா சொட்டி உள்ள சேந்திருக்கும், ஸ்டார்ட் பண்ணதும் அது எரிஞ்சு தீந்துரும். ரெண்டு அறிகுறியும் ஒரே இடத்தைக் காட்டுச்சு.

சந்தேகம் தீந்தாலும் மத்ததையும் பாத்துட்டேன், ஏன்னா இன்ஜின் மேல் மூடியான டேப்பட் கவரைக் கழட்டுறதுக்கு முன்னாடி காசில்லாம பாக்கக்கூடியது நிறைய இருக்கு. வெள்ளைப் பேப்பரை சைலன்சர் வாய்கிட்ட கொஞ்ச நேரம் காட்டினேன், பிசுபிசுன்னு எண்ணெய்ப் பொட்டு விழுந்துச்சு. தண்ணியா இருந்தா நனைஞ்சு காஞ்சிரும், கரியா இருந்தா விரல்ல ஒட்டும். பிளக்கைக் கழட்டிப் பாத்ததுல நடு சிலிண்டர் பிளக் மரையெல்லாம் ஆயில் ஈரம், மத்த ரெண்டும் பரவாயில்ல. பிசிவி ஹோஸைக் கழட்டி ஊதிப் பாத்தேன், அடைப்பு இல்ல. ஆயில் மூடியைத் திறந்து ஐடில்ல விட்டா உள்ள இருந்து காத்து வேகமா தள்ளல, தள்ளியிருந்தா ரிங்கை நினைச்சுப் பயப்படணும்.

அடுத்து கம்ப்ரெஷன் டெஸ்ட், சிலிண்டருக்குள்ள காத்து எவ்வளவு அழுத்தத்துக்கு அமுங்குதுன்னு பாக்கிறது. கேஜ் அந்த அண்ணன்கிட்டயே வாங்குனேன், ஆனா அவரோடது டீசலுக்கு உள்ளது, பெட்ரோல் பிளக் மரைக்கு அடாப்டர் தனியா வாங்க வேண்டியிருந்துச்சு. இன்ஜினை நல்லா சூடு பண்ணி, மூணு பிளக்கையும் கழட்டி, காயில் வயரை எடுத்து விட்டுட்டு, ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சுப் பிடிச்சு செல்ஃப் அடிக்கணும். மூணும் சதுர சென்டிமீட்டருக்கு 11 கிலோவுக்கு மேல, ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் ஒரு கிலோவுக்குள்ள. பிளக் ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாத்தேன், ரிங் தேஞ்சிருந்தா அந்த ஆயில் சந்தை அடைச்சு முள்ளு கணிசமா ஏறும், இதுல லேசாத்தான் நகந்துச்சு. ரிங் நல்லாத்தான் இருக்கு. போர் பண்ணணும்னு சொன்னதுக்குத் தேவையே இல்ல!

வால்வ் சீல் மாத்த ஹெட்டை இறக்கணும்னு நெனைப்பாங்க, தேவையில்ல. ஸ்பிரிங்கைக் கழட்டுறப்ப வால்வ் உள்ள விழுந்துராம எதாவது தாங்கிப் பிடிக்கணும், அம்புட்டுதான். கம்ப்ரசர் வச்சு சிலிண்டருக்குள்ள காத்து அடைச்சுப் பண்ணுவாங்க, என்கிட்ட அது இல்ல, அதனால கயிறு முறை. கயித்துக்கு நமக்குப் பஞ்சமா, வலைக் கடைல மெல்லிசு நைலான் கயிறு, முறுக்குக் கயிறு வேணாம் பிரியும், பின்னல் கயிறா வாங்கி நுனியை தீயில காட்டி உருக்கிக்கிட்டேன். டேப்பட் கவரைக் கழட்டி, வால்வை அமுக்குற ராக்கர் கைகள் மாட்டியிருக்கிற ராக்கர் ஷாஃப்ட்டை உருவி, பிஸ்டனைக் கீழ இறக்கி, பிளக் ஓட்டை வழியா கயித்தைத் திணிச்சேன், இன்னொரு நுனில முடிச்சுப் போட்டு வெளிய விட்டுறணும். அப்புறம் கிராங்க் புல்லி போல்ட்டை ஸ்பானர் போட்டுக் கையாலயே மெதுவா திருப்புனா பிஸ்டன் ஏறி கயித்தை அமுக்கும், கயிறு வால்வைக் கீழ இருந்து தாங்கிக்கும், இறுக்கம் தெரிஞ்சதும் நிறுத்திறணும். செல்ஃப் அடிச்சுக் கிடிச்சு வச்சிராதீங்க.

ஸ்பிரிங்கை அமுக்குனா அதை வால்வ் தண்டோட பிடிச்சிருக்கிற ரெண்டு பொடி லாக் வெளிய வரும், காந்தம் வச்சு எடுக்கணும். அதுக்கு முன்னாடி ஹெட்ல ஆயில் இறங்குற ஓட்டை எல்லாத்துலயும் துணி அடைச்சேன், லாக் ஒண்ணு உள்ள விழுந்தா சம்ப் வரைக்கும் கழட்டித் தேடணும். பழைய சீலைப் பிளையர்ல பிடிச்சு இழுத்தேன், நடு சிலிண்டர்ல இருந்தது ரப்பரா பிளாஸ்டிக்கான்னே தெரியல, நகத்தால அமுக்குனா அமுங்கல, ரெண்டா ஒடிஞ்சுது. புது சீலை வால்வ் தண்டுல விடுறப்ப நுனில இருக்கிற காடி அதோட உதட்டைக் கிழிச்சிரும், அதனால பால் பாக்கெட் கவர்ல ஒரு துண்டை வெட்டி நுனில மூடி, ஆயில் தடவி, பாக்ஸ் ஸ்பானர் வச்சுக் கையால அமுக்கி உக்கார வச்சேன். ஸ்பிரிங் இல்லாதப்பவே தண்டை அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டிப் பாத்துறணும், கைடு தேஞ்சிருந்தா புது சீல் போட்டும் சீக்கிரம் போயிரும். என்னுதுல இன்டேக் பக்கம் ஆட்டம் இல்ல, எக்ஸாஸ்ட்ல லேசா இருந்துச்சு, இப்போதைக்கு ஓடும். எல்லாம் மாட்டி, கயித்தை உருவி, ஃபீலர் கேஜ் வச்சு மேனுவல்ல சொன்ன அளவுக்கு டேப்பட், அதாவது வால்வ் இடைவெளி, செட் பண்ணேன். சீல் செட்டும் கவர் கேஸ்கெட்டும் சேத்து ஆயிரம்கூட ஆகல.

மாத்துன உடனே புகை நிக்காது, இதை முன்கூட்டியே தெரிஞ்சு வச்சுக்கங்க. சைலன்சருக்குள்ள படிஞ்ச பழைய ஆயில் எரிஞ்சு தீர்ற வரைக்கும் கொஞ்சம் வரும். அது தீந்த அப்புறம் திரும்ப பாலத்துல அதே மாதிரி மூணாவது கியர்ல இறங்கி மிதிச்சேன், பின்னாடி மச்சான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுனான்.

கருப்புப் புகை பத்தியும் கேக்கிறாங்க. அது பெட்ரோல் அதிகம், காத்து கம்மி. நம்ம பக்கம் ரெண்டு காரணம் அடிக்கடி பாக்குறேன், ஒண்ணு கார்பரேட்டர் வண்டில உப்புக் காத்துக்கு சோக் கேபிள் துருப்பிடிச்சு பாதில மாட்டிக்கிறது, இன்னொண்ணு ஏர் ஃபில்டர். 2017ல ரோடு திறந்ததுல இருந்து அரிச்சல்முனை வரைக்கும் காரே போகுது, தனுஷ்கோடி மணல் காத்துல பறந்து ஃபில்டர்ல பொடிப்பொடியா உக்காந்துரும். தட்டிப் பாருங்க, கொட்டும்.

வெள்ளைப் புகைதான் என் கவலை. மார்கழி காலைல கொஞ்ச நேரம் வர்றது வெறும் ஆவி, அதை விடுங்க. சூடானப்புறமும் வெள்ளையா வந்துகிட்டே இருந்து, ரேடியேட்டர்ல தண்ணியும் குறைஞ்சா ஹெட்டுக்கும் சிலிண்டர் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படணும். இன்ஜின் நல்லா ஆறுனப்புறம் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஸ்டார்ட் பண்ணி, விடாம குமிழி வருதான்னு பாருங்க, ஆயில் மூடிக்கு அடில பாலாடை மாதிரி இருக்கான்னு பாருங்க. ஒரு பிளக் மட்டும் கழுவி விட்ட கணக்கா வெள்ளையா இருந்தா அந்த சிலிண்டருக்குள்ள தண்ணி போகுது. சூட்டோட மூடியைத் திறந்துராதீங்க, கொதி தண்ணி மூஞ்சில அடிக்கும்.

நம்ம ஊர்ல இந்த ஹெட் கேஸ்கெட் கோளாறு அதிகம் வர்றதுக்குக் காரணம் போர்வெல் தண்ணிதான். காவிரித் தண்ணி வர்ற நாள்ல குடத்துக்கே வரிசை கட்டி நிக்கிற ஊர்ல காருக்கு யாரு நல்ல தண்ணி ஊத்துவா, கைல கிடைச்ச உப்புத் தண்ணியை ஊத்திருவாங்க. சித்தப்பா பையன் வண்டி ஹெட்டை இறக்குனப்ப நான் பக்கத்துல இருந்து பாத்தேன், அலுமினியத்துல தண்ணி போற ஓட்டையைச் சுத்தி அரிச்சுப் பள்ளம் விழுந்து கேஸ்கெட் உக்காரவே இடமில்ல, ரேடியேட்டர் குழாய்ல பாதி சுண்ணாம்பு அடைப்பு. பேட்டரிக் கடைல டிஸ்டில்டு வாட்டர் கேன்ல கிடைக்குது, கூலன்ட்டோட கலந்து ஊத்துங்க, ஒரு ஹெட் வேலைக்கு ஆகுற செலவுல ஆயுசுக்கும் வாங்கி ஊத்தலாம்.

இப்ப ஆயில் லெவல் மார்க்கு 1000 கிலோமீட்டர் ஓடியும் கண்ணுக்குத் தெரியிற அளவு இறங்கல. அடுத்து ரேடியேட்டரைக் கழட்டி ராடு விட்டு சுத்தம் பண்ணி, தெர்மோஸ்டாட்டையும் வெந்நீர்ல போட்டு திறக்குதான்னு பாக்கப்போறேன்.