ஐந்து கிலோமீட்டர் வட்டம்

கானாவில் சமூக வானொலி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ரேடியோ அடா. வோல்ட்டா ஆறு கடலில் சேரும் பகுதியில், டாங்மே மொழியில், 1998 பிப்ரவரியில் தொடங்கியது. மீனவர்கள், மீன் விற்கும் பெண்கள், உப்பெடுப்பவர்கள்: கேட்பவர்களும் அவர்களே, பேசுபவர்களும் அவர்களே.

ஊடகம் தொடங்க உரிமம் தேவையில்லை என்கிறது 1992 அரசமைப்புச் சட்டம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது; அலைவரிசை இல்லாமல் வானொலி ஏது? அதை ஒதுக்குவது தேசியத் தகவல்தொடர்பு ஆணையம். உள்ளடக்கம் பற்றிய புகார்களுக்குத் தேசிய ஊடக ஆணையம். சமூக நிலையங்களுக்குப் பல ஆண்டுகள் 5 கிலோமீட்டர் ஆரம்தான் எல்லை என்றிருந்தது. டாங்மே பேசுகிறவர்கள் வட்டம் போட்டு அதற்குள்ளேயே குடியிருக்கவில்லை.

ஒலிபரப்பு எட்டவில்லை என்றதும் எல்லோரும் டிரான்ஸ்மிட்டரின் வாட்டைத்தான் கூட்டச் சொல்வார்கள். இருக்கிற வாட் எங்கே போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். டிரான்ஸ்மிட்டரிலிருந்து கோபுரத்து ஆன்டெனாவுக்கு ஆர்ஜி-213 என்ற சாதாரண வகைக் கேபிளை 30 மீட்டர் ஏற்றினால், 100 வாட்டில் சுமார் 60 தான் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேரும். உள்ளே நுரை வைத்த அரை அங்குல ஃபோம் கேபிளில் 85 வரை கிடைக்கும். விலை அதிகம்தான், ஆனாலும் டிரான்ஸ்மிட்டரை மாற்றுவதைவிட மலிவு.

கடற்கரையில், கேபிளை ஆன்டெனாவோடு இணைக்கும் கனெக்டர்தான் முதலில் கெடும். 100 வாட் அனுப்பும்போது ஆன்டெனா ஏற்காமல் டிரான்ஸ்மிட்டருக்கே திரும்பி வருவது 4 வாட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. மழை பெய்த மறுநாள் அது 10-ஐத் தாண்டினால், டிரான்ஸ்மிட்டரைத் திறக்காதீர்கள். கோபுரத்தில் ஏறி, கனெக்டருக்குள் உப்புநீர் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும், அப்போதுதான் ஓடு வேய்ந்ததுபோல் நீர் வழிந்து போகும். மேலிருந்து சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் நீரை உள்ளே வாங்கும். அதன் மேல் பிவிசி டேப் ஒரு சுற்று, வெயிலுக்காக. டிசம்பரில் சஹாராவின் தூசியைச் சுமந்துவரும் ஹார்மட்டான் காற்று தொடங்கிவிட்டால் டிரான்ஸ்மிட்டரின் மின்விசிறி வடிகட்டியை வாரம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். தூசி அடைத்தால் சூடேறி, டிரான்ஸ்மிட்டர் தானாகவே வாட்டைக் குறைத்துக்கொள்ளும். அறிவிப்பாளருக்கு அது தெரியாது. ஓரத்து கிராமங்களுக்குத்தான் முதலில் தெரியும்.

இத்தனை பார்த்துப் பார்த்துச் செய்தும் ஒரு தாளால் நிலையம் நின்றுபோகலாம். 2017-இல் தேசியத் தகவல்தொடர்பு ஆணையம் எஃப்எம் நிலையங்களின் ஆவணங்களைச் சரிபார்த்து, அலைவரிசை அனுமதிக் காலம் முடிந்தும் புதுப்பிக்காதவற்றின் மேல் நடவடிக்கை எடுத்தது. சமூக நிலையங்களில் தன்னார்வலர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். கோப்பு யார் வீட்டு அலமாரியில் இருக்கிறதென்றே தெரியாமல் போகும். காலாவதித் தேதியை டிரான்ஸ்மிட்டர் அறைக் கதவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். புதுப்பிப்புக் கட்டணத்தை மாதாமாதம் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள், ஜெனரேட்டர் டீசல் பணத்தோடு சேர்க்காமல்.