எஸ் = டபிள்யூ

ஜெர்மனிக்கு ஒரு வருஷம் எக்ஸ்சேஞ்ச்ல போறப்ப எனக்கு இருந்த ஒரே தைரியம், பாஷை சரியா வரலன்னாலும் ஈக்வேஷன் ஈக்வேஷன் தானே, பெர்னூலி விதி எங்க போனாலும் பெர்னூலி விதி தானேங்கறது. ரெண்டாவது வாரமே அது போச்சு. ஃப்ளைட் மெக்கானிக்ஸ் கிளாஸ்ல புரொஃபசர் போர்டுல பெருசா எழுதுறாரு, எஸ் = டபிள்யூ. நான் படிச்ச வரைக்கும் எஸ்னா விங் ஏரியா, டபிள்யூனா வெயிட். இறக்கையோட பரப்பும் விமானத்தோட எடையும் எப்படிங்க சமமாகும், யூனிட்டே ஒத்து வரலையேன்னு நான் பேந்த பேந்த முழிக்கிறேன், பக்கத்துல இருக்கறவன் பாட்டுக்கு அமைதியா எழுதிட்டிருக்கான்.

விஷயம் என்னன்னா அங்க எஸ்ங்கறது ஷூப், அதாவது த்ரஸ்ட், விமானத்த முன்னாடி தள்ளற விசை. டபிள்யூங்கறது விடர்ஷ்டாண்ட், நம்ம டிராக், பின்னாடி இழுக்கற காத்தோட எதிர்ப்பு. மேல தூக்கற விசையான லிஃப்டுக்கு ஆஃப்ட்ரீப்னு பேரு அதனால அது ஏ, எடைக்கு ஜி. ஆக த்ரஸ்ட் = டிராக்னு, முதல் வருஷ பையனுக்கும் தெரிஞ்ச ஒண்ண தான் அவரு எழுதியிருக்காரு. இது புரிஞ்சதுக்கப்புறமும் கை கேக்கல, முதல் அசைன்மென்ட்ல டபிள்யூவ எடைன்னே நெனச்சு அரை பக்கம் போட்டு வச்சு, சிவப்பு மையில ஒரே ஒரு கேள்விக்குறி வாங்கிட்டு வந்தேன்.

மார்க் போடறதும் தலைகீழ். 1.0 தான் டாப், 4.0 வரைக்கும் பாஸ், 5.0னா ஊத்திக்கிச்சு. செமஸ்டர் முடிஞ்சு போன்ல "1.7 வந்துருக்கும்மா"ன்னு சொன்னா அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் மெதுவா "நூத்துக்காடா?"ன்னு கேட்டாங்க. புரிய வைக்கறதுக்குள்ள பேலன்ஸ் தீர்ந்துருச்சு.

பரிட்சையும் பாதி வாய்மொழி தான். எதிர்ல புரொஃபசர், ஓரத்துல குறிப்பெடுக்க ஒருத்தர், நடுவுல வெள்ளை பேப்பர். "போலார் வரைங்க"ன்னாரு. லிஃப்ட ஒரு அச்சுல டிராக்க இன்னொரு அச்சுல போட்டு ஒரே வளைவா வரையறது, அங்க அதுக்கு லிலியென்தால் பேரு தான், 1896ல கிளைடர்லேர்ந்து, அதாவது எஞ்சின் இல்லாத விமானத்துலேர்ந்து, விழுந்து செத்தாரே அவரு. வரைஞ்சேன். "இதுல அதிக தூரம் சறுக்கற இடம் எது?"ன்னாரு. ஃபார்முலா எழுத ஆரம்பிச்சேன், கைய காட்டி நிறுத்தி ஸ்கேல நீட்டுனாரு. ஆரிஜின்லேர்ந்து வளைவ தொட்டுட்டு போற மாதிரி ஒரு கோடு, அது தொடற புள்ளி தான் பதில். லிஃப்டுக்கும் டிராக்குக்கும் உள்ள விகிதம் அங்க தான உச்சம். எத்தனையோ தடவ டிஃப்ரன்ஷியேட் பண்ணி கண்டுபிடிச்சிருக்கேன், இப்படி ஒரு கோட்டுல முடியும்னு ஒருநாளும் தோணல.

ஆனா அந்த வருஷத்துல நான் உருப்படியா கத்துக்கிட்டது கிளாஸ்ல இல்லங்க, அகாஃப்ளீக்ல. ஸ்டூடண்ட்ஸே கிளைடர் டிசைன் பண்ணி, கட்டி, ஓட்டற குழு, பல யூனிவர்சிட்டில இருக்கு. முதல் உலகப்போருக்கு அப்புறம் வெர்சாய் ஒப்பந்தம் எஞ்சின் விமானத்துக்கு கட்டுப்பாடு போட, 1920ல வாசர்குப்பே மலையில எஞ்சின் இல்லாம பறக்க ஆரம்பிச்சாங்களே, அந்த காலத்து வழக்கம் இன்னும் விடல. சும்மா விளையாட்டுன்னு நெனச்சுடாதீங்க, உலகத்தோட முதல் ஃபைபர்கிளாஸ் கிளைடர் ஸ்டுட்கார்ட் குழுவோட எஃப்எஸ்-24, பறந்தது 1957ல.

அங்க பறக்கணும்னா முதல்ல ஒர்க்‌ஷாப்ல வேலை செய்யணும். எனக்கு குடுத்த வேலை தேய்க்கறது. இறக்கையோட பேட்டர்ன், அதாவது எத வச்சு மோல்ட், வார்ப்பு அச்சு, எடுப்பாங்களோ அந்த இறக்கை வடிவ உருவம், ஏழு மீட்டருக்கு மேல நீளம். 400 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 800, அப்புறம் 1200, தண்ணி விட்டு விட்டு. தேய்ச்சதும் மேல ட்யூப்லைட் பிரதிபலிப்ப பாக்கணும், லைட்டோட கோடு எங்க நெளியுதோ அங்க மேடோ பள்ளமோ இருக்கு. கைக்கே தெரியாது, கண்ணுக்கு மட்டும் தெரியும். இவ்ளோ எதுக்குன்னா லாமினார் ஃப்ளோ, காத்து இறக்கை மேல எவ்வளவு தூரத்துக்கு கலையாம போகுதோ அவ்வளவுக்கு டிராக் குறையும், சின்ன நெளிவு கூட அத சீக்கிரமே டர்புலென்ட் ஆக்கிடும். புக்ல ரெண்டே வரி அது. எனக்கு தோள்பட்டை விட்டு போச்சு. (பறக்கறப்ப இறக்கை முன்விளிம்புல பூச்சி அடிச்சு ஒட்டறதே கெடுதல்னு, அத வழிச்செடுக்க கயித்துல ஓடற குட்டி வழிப்பான் வேற வச்சிருக்காங்க, பேரு ம்யூக்கன்புட்சர், அப்படியே சொன்னா கொசு துடைப்பான். நான் மொதல்ல கிண்டல்னு தான் நெனச்சேன்.)

மே மாசம் ஒரு நாள் பழைய ரெண்டு சீட்டர்ல பின்னாடி உக்கார வச்சாங்க. வின்ச், அதாவது தரையிலேர்ந்து கேபிள சுத்தி இழுக்கற மெஷின், இழுக்க ஆரம்பிச்சதும் முதுகு சீட்டோட அப்பிக்குது, மூக்கு வானத்த பாத்துடுச்சு, ஒரு நிமிஷத்துக்குள்ள கிட்டத்தட்ட 400 மீட்டர், டக்குனு கேபிள் கழண்டுச்சு. அப்புறம் ஒரு அமைதி. திரும்பி பாத்தா இறக்கை மேல் நோக்கி வளைஞ்சு நிக்குது, ஏ = ஜின்னு மனசுக்குள்ள தானா வந்துச்சு, ஊர்ல லிஃப்டுக்கும் எடைக்கும் படிச்ச எல்லும் டபிள்யூவும் வரவே இல்ல.

நான் தேய்ச்ச கிளைடர் என் காலத்துல பறக்கல, அங்க ஒரு ப்ராஜெக்ட்னா வருஷக்கணக்குல போகும், ஒரு செட் ஆரம்பிக்கும் வேற செட் முடிக்கும். போன மாசம் போட்டோ அனுப்பினாங்க, மோல்ட்லேர்ந்து முதல் இறக்கை வெளிய வந்துருக்கு, பளபளன்னு, ட்யூப்லைட் கோடு நேரா விழுது. பெரிசு பண்ணி பெரிசு பண்ணி பாத்தேன். சரி, நான் தேய்ச்ச பேட்டர்ன் எங்கன்னு கேட்டேன். மோல்ட் எடுத்தாச்சே, இனி எதுக்கு, இடத்த அடைக்குதுன்னு துண்டு துண்டா அறுத்து போட்டுட்டாங்களாம்.