பாராவுக்கும் அசிட்டைலுக்கும் நடுவில் ஒரு கோடு

பார்வையற்ற மாணவர்களுக்காக வேதியியல் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து தருகிறேன். நேற்றிரவு ஒரே சொல்லில் ஆறு முறை தடுக்கி விழுந்தேன்: பாரா-அசிட்டைலமினோபீனால்.

நீளத்துக்கெல்லாம் பயமில்லை. பா, ரா, அ, சிட், டை, ல, மி, னோ, பீ, னால். வாய்க்குப் பத்தே துண்டுதான். வில்லங்கம் அந்தச் சின்னக் கோட்டில் இருக்கிறது. கோட்டைக் கவனிக்காமல் ஓட்டினால் நாக்கு ‘பாராவசிட்டைல்’ என்கிறது. நிலாவும் ஒளியும் சேர்ந்தால் நிலாவொளி என்று பழகிய நாக்கு. ஆகாரத்துக்குப் பின் உயிர் வந்தால் கேட்காமலே ஒரு வகரத்தைச் செருகிவிடும். கேட்கிற பிள்ளைக்கு ‘வசிட்டைல்’ என்று ஏதோ ஒரு அணுத்தொகுதி இருப்பதாகத்தானே தோன்றும்? ஏதோ வசிட்டர் வந்து பென்சீன் என்ற ஆறுமூலைக் கார்பன் வளையத்தில் உட்கார்ந்த மாதிரி.

அதே சொல்லில் அசிட்டைலும் அமினோவும் சேருமிடத்தில் இந்தத் தொல்லை இல்லை. லகர மெய்மேல் அகரம் ஏறி ‘லமினோ’ ஆகிவிடுகிறது. அங்கே கோடும் இல்லை, ஒட்டியே சொல்லலாம். ‘பாரா’ சங்கதி வேறு. அது வளையத்தில் 1, 4 என்று நேர் எதிரான இரண்டு மூலைகளைக் காட்டும் இடப்பெயர். (1, 2 என்றால் ஆர்த்தோ, 1, 3 என்றால் மெட்டா.) இடம் வேறு, அங்கே இருப்பது வேறு என்று காதுக்குத் தெரிய வேண்டும். அரை மாத்திரை நேரம் நிறுத்தினால் போதும்.

மாத்திரை என்றதும் நினைவுக்கு வருகிறது: பாராசிட்டமால் என்ற பெயர் பிறந்ததே இந்தச் சொல்லிலிருந்துதான். பாராவில் கொஞ்சம், அசிட்டைலில் கொஞ்சம், அமினோவில் ‘அம்’, பீனாலின் கடைசி ‘ஆல்’. கோட்டை எடுத்தார்கள், அதன் இருபுறமும் நின்ற ஆ, அ என்ற இரண்டு ஒலிகளில் ஒன்று காணாமல் போனது. இப்போது அதைப் பொருள்படப் பிரித்தால் பார்-அசிட்-அம்-ஆல். யார் அப்படிச் சொல்கிறார்கள்? எல்லோருக்கும் அது பாரா-சிட்டமால்தான்.

பதிவை முடித்த பிறகும் தூக்கம் வரவில்லை. சரி என்று யாப்புப்படி அலகிட்டுப் பார்த்தேன். பா/ரா/சிட்/டமால். நேர் நேர் நேர் நிரை. வாய்பாடு தேமாந்தண்ணிழல். காய்ச்சல் மாத்திரைக்குத் தண்ணிழல்! ‘டமால்’ என்று முடிகிறதே என்பதுதான் ஒரு குறை.