ஒரு தோட்ட முதலாளியைப் பிடித்தேன், ஆய்வேடு முடிந்தது

எம்.ஏ. வரலாற்று ஆய்வேட்டுக்கு நான் எடுத்த தலைப்பு, 'பிரிட்டிஷ் கரீபியனில் அடிமைமுறை ஒழிப்பு'. இவ்வளவு அகலமான தலைப்பை நீங்கள் எடுக்காதீர்கள். அட்லாண்டிக் அடிமை வணிகம் மொத்தத்திலும் ஆப்பிரிக்காவில் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடி, உயிரோடு கரையிறங்கியவர்கள் சுமார் 1.07 கோடி என்று என் முதல் வரைவு முழுக்க எண்கள்தான். வழிகாட்டிப் பேராசிரியர் புரட்டிப் பார்த்துவிட்டு, "முதல்ல ஒரே ஒரு ஆளைப் பிடிம்மா" என்றார்.

பிடித்தேன். அடிமைமுறையை ஒழித்த 1833 சட்டப்படி 2 கோடி பவுன் இழப்பீடு வாங்கியவர்கள் முதலாளிகள். அடிமைகளுக்குச் சல்லிக்காசு இல்லை. யார் யார் எவ்வளவு வாங்கினார்கள் என்பதை லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் வரலாற்றாசிரியர் கேத்தரின் ஹாலின் குழுவினர் தொகுத்து, இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். அதில் ஜான் கிளாட்ஸ்டனைத் தேடினேன். பிற்காலப் பிரதமர் வில்லியம் கிளாட்ஸ்டனின் அப்பா. 2,500 பேருக்கு மேல் 'சொத்தாக' காட்டி 1 லட்சம் பவுனுக்கு மேல் வாங்கியவர். அத்தோடு விடவில்லை. 1836இல் கல்கத்தா கம்பெனி ஒன்றுக்குக் கடிதம் எழுதித் தன் தோட்டங்களுக்கு ஆள் கேட்கிறார். 1838இல் விட்பி, ஹெஸ்பரஸ் என்ற இரண்டு கப்பல்களில் இந்தியக் கூலிகள் அவருடைய தோட்டங்கள் இருந்த தென் அமெரிக்காவின் பிரிட்டிஷ் கயானாவில் இறங்குகிறார்கள். என் ஆய்வேட்டின் வாதமே அங்கேதான் கிடைத்தது: ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகும் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் வேலை நிற்கவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். இழப்பீட்டுக் கோப்பு முதலாளி பணம் கேட்டு எழுதியது. அதில் அடிமைகள் வெறும் எண்ணிக்கை. பெயரும் வயதும் வேண்டுமென்றால் அடிமைப் பதிவேடுகளுக்குப் போக வேண்டும். அங்கிருக்கும் பெயர்களும் பெரும்பாலும் முதலாளி வைத்தவைதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

தேர்வுக்கு என்றால், 1807இல் ஒழிந்தது அடிமை வணிகம், அடிமைமுறை அல்ல. 1833 சட்டம் பேரரசு முழுவதற்கும் என்று எழுதி நானே மார்க் இழந்திருக்கிறேன். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிப் பகுதிகளையும் இலங்கையையும் அது விலக்கிவிட்டது. இந்தியாவுக்குத் தனிச் சட்டம் 1843இல்தான். ஒழிப்புக்குக் காரணம் பொருளாதாரமா மனிதாபிமானமா என்று கேட்டால் பொருளாதாரம்தான் என்ற எரிக் வில்லியம்ஸ், அதை மறுத்த சீமோர் டிரெஷர் என்ற இரு வரலாற்றாசிரியர்களின் வாதத்தையும் சொல்லிவிட்டு, உங்கள் கட்சி எது என்பதையும் எழுதுங்கள். நழுவினால் மார்க் வராது.

அப்புறம், கோப்பைப் பார்த்த அன்றே அதன் எண்ணைக் குறித்துவையுங்கள். நான் குறிக்கவில்லை. கடைசி வாரம் முழுக்க அடிக்குறிப்புக்காக எல்லாவற்றையும் மறுபடி தேடிக்கொண்டிருந்தேன்.