புது டயர் போட்டதும் ஸ்டியரிங் ஆடுகிறதா?

ஊருக்குள் ஒன்றும் தெரியாது. பைபாஸில் ஏறி 80, 100 கிலோமீட்டரைத் தொட்டதும் ஸ்டியரிங் கிடுகிடுவென ஆடும். கை ஆடினால் பெரும்பாலும் முன் சக்கரம். சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின் சக்கரம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஆடினால் டயரை விடுங்கள், டிஸ்க்கைப் பாருங்கள்.

கடையில் உடனே அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) என்பார்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால்தான் அது மருந்து. இங்கே கேட்க வேண்டியது பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமமாக்குவது. ரிம்மில் பொருத்திய பழைய வெயிட்டுகளை முழுக்க எடுத்து, ரிம்மின் உட்புறச் சேற்றைச் சுரண்டிவிட்டு மெஷினில் ஏற்றச் சொல்லுங்கள். 0 காட்டியதும் விட்டுவிடாதீர்கள். சக்கரத்தைக் கழற்றி, அரைச் சுற்று திருப்பி மாட்டி மறுபடி சுற்றட்டும். இப்போது 15, 20 கிராம் காட்டினால் சக்கரத்தை மெஷினில் பிடிக்கும் கோன் நடுவில் உட்காரவில்லை. முதல் கணக்கே தப்பு.

அதுவும் சரி, ஆட்டம் போகவில்லையா? ஜாக்கில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் மட்டும் உள்ளே மறைந்தால் பீட் (ரிம்மில் உட்காரும் டயரின் விளிம்பு) சரியாக ஏறவில்லை. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி மீண்டும் ஏற்ற வேண்டும். கோடு சரியாக இருந்தும் டயர் மேலும் கீழும் ஏறி இறங்கினால், ரிம் நெளிந்திருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் டயரை ரிம்மில் அரைச் சுற்று மாற்றிப் போடலாம்.

வெளியில் வாங்கிய அலாய் சக்கரத்தில் நடுத்துளை, அது மாட்டப்படும் ஹப்பைவிடப் பெரிதாக இருக்கலாம். அந்த இடைவெளியை நிரப்பச் சென்டர் ரிங் தேவை. நட்டுகளை எதிரெதிராக, கையால் முறுக்கிய பிறகே ஏர் கன்னைத் தொட விடுங்கள்.