எந்த அட்டையில் விழுந்த பிழை

கார்ப் பந்தயங்களில் சுற்றுக் கணக்கு எழுத வரும் புதியவர்களுக்கு வகுப்பெடுக்கும்போதெல்லாம் நான் ஜாக்சன்வில் பந்தயத்தையே எடுத்துக்காட்டாகச் சொல்லி வந்திருக்கிறேன். 1963 டிசம்பர் 1 அன்று, புளோரிடாவில், அரை மைல் மண் தடத்தில் 200 சுற்று ஸ்டாக் கார் பந்தயம், அதாவது கடைகளில் விற்கும் கார்களை ஒத்த கார்களின் பந்தயம். தம் செவர்லேயின் பழுதைத் தாமே பார்த்துக்கொண்டு ஓட்டிய கறுப்பினத்தவரான வெண்டல் ஸ்காட் எல்லோரையும் முந்தியிருந்தும், பக் பேக்கரே வென்றதாக அறிவித்துக் கோப்பையையும் அவரிடம் கொடுத்துவிட்டார்கள். ஸ்காட் முறையிட்டார். கார்களின் சுற்றுகளைக் குறித்து வைத்த அட்டைகளைச் சரிபார்த்து, அவர் இரண்டு சுற்று முன்னால் இருந்ததை ஒப்புக்கொள்வதற்குள் சில மணி நேரம் கடந்து, கூட்டமும் கலைந்துவிட்டது. "ஒரு கோடு விட்டுப்போனால் என்ன ஆகும், பார்த்தீர்களா?" என்று முடிப்பது என் வழக்கம்.

சென்ற ஆண்டு வகுப்பில், அதுவரை வாய் திறக்காத ஒரு பெண் கேட்டார்: "கணக்கு அன்றைக்கே சரியாகிவிட்டதே சார், கோப்பையை ஏன் அவருக்குக் கொடுக்கவில்லை? அது எந்த அட்டையில் விழுந்த பிழை?"

"அது நம் பாடத்துக்கு வெளியே இருக்கிற விஷயம்மா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் குறிப்பேட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

நான் சொன்னதில் தவறில்லை என்றுதான் அன்று மாலை வரை எண்ணியிருந்தேன். அரை நிமிடத்துக்கு ஒரு முறை ஒரே கார் கண்முன்னே கடக்க, புழுதியில் எண் தெரியாமல், கடிகாரத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தவர்களின் நிலை எனக்குத் தெரியும். காரில் பொருத்தினால் சுற்றுகளைத் தானாகவே பதிவு செய்யும் டிரான்ஸ்பாண்டர் கருவி வருவதற்கு முன்பு நானும் சுற்றுகளைத் தவறவிட்டிருக்கிறேன். அந்த வேலையைச் செய்தவன் என்ற முறையில் அவர்களுக்காகப் பரிந்து பேசுவது எனக்கு இயல்பாகவே வந்துவிடுகிறது. ஆனால், அப்படித் தவறவிட்ட நாட்களில், யாருடைய சுற்று விட்டுப்போனால் உடனே கூச்சல் எழும், யாருடையது போனால் எழாது என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. இதை வகுப்பில் நான் ஒருபோதும் சொன்னதில்லை. கோப்பை கொடுக்கும் மேடையில் வழக்கப்படி வெள்ளைக்கார அழகியொருத்தி கறுப்பருக்கு முத்தம் கொடுப்பதைப் பந்தய அமைப்பாளர்கள் விரும்பவில்லை என்றே ஸ்காட் கருதியதையும் சொன்னதில்லை. கணக்கு வகுப்பில் அதற்கு என்ன இடம் என்று அப்போது தோன்றியது. இப்போதும் சில நாட்களில் அப்படித்தான் தோன்றுகிறது.

ஸ்காட் 1990இல் இறந்தார். அந்த வெற்றிக்கு உரிய கோப்பையை 2021இல்தான், அமெரிக்காவில் ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு அவர் குடும்பத்தாரிடம் ஒப்படைத்தது. ஐம்பத்தேழு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த ஒன்றை "விட்டுப்போன கோடு" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் மறுபடி வகுப்பு. ஜாக்சன்வில்லை விட்டுவிட்டு வேறோர் எடுத்துக்காட்டைத் தேடிப் பார்த்தேன். சுற்றுக் கணக்கை இவ்வளவு எளிதாக விளக்குவது எதுவும் அகப்படவில்லை.